கடனும் கால எல்லையும்: உத்திரமேரூர்க் கல்வெட்டு முதல் கல்விக் கடன் வரை

வாங்கிய கடனைத் திருப்பித் தரவேண்டும் என்பதில் எச்சமயத்தாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆயினும் அக்கடனைக் கேட்டு வழக்குத் தொடுக்கும் உரிமை எத்தனை ஆண்டு நீடிக்கலாம் என்பது தனிக் கேள்வி. கேட்கும் முறை வரம்பு மீறிப்போனால், கடன்பட்டவர் எத்தனை நாளுக்குள் நீதி தேட வேண்டும் என்பது மற்றொரு கேள்வி. பிள்ளைகளின் படிப்புக்காக வாங்கிய வங்கிக் கடன் நம் சிற்றூர்களில் பல இல்லங்களை அழுத்திவரும் இந்நாளில், இவ்விரு கேள்விகளும் சட்ட வல்லுநருக்கு மட்டும் உரியவை அல்ல. வங்கியிலிருந்தோ அதன் முகவரிடமிருந்தோ வந்த கடிதத்தை எடுத்துக்கொண்டு, “இதில் கையெழுத்து இடலாமா?” என்று சபையார் முதலில் கேட்பது பெரும்பாலும் ஆயரிடமே. ஆகவே கடனுக்குக் கால எல்லை வகுத்த வரலாற்றைச் சுருக்கமாக ஆராய்ந்து, அந்த எல்லை எவருக்குக் காவலாக நின்றது, எங்கே காவலாக நிற்கத் தவறியது என்பதைக் காண்பது இக்கட்டுரையின் நோக்கம்.

1. உத்திரமேரூரில் இருவகைக் காலம்

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், வைகுண்டப்பெருமாள் கோயில் மண்டபச் சுவர்களில் முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் உள்ளன. அவை முறையே கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சார்ந்தவை. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, ஓலையில் பெயரெழுதிக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்து வாரியங்களுக்கு ஆள் தெரிந்த குடவோலை முறையை அவை விவரிப்பதை யாவரும் அறிவர். நமது பொருளுக்கு வேண்டியது அவற்றில் காணப்படும் வேறொரு செய்தி.

வாரியப் பொறுப்புக்குத் தகுதி அற்றவர் யார் என்று கூறும்போது, அக்கல்வெட்டு இருவகைத் தடைகளை வைக்கிறது. அண்மை மூன்றாண்டுகளுக்குள் வாரியம் செய்தவர் மீண்டும் வரலாகாது என்பது ஒன்று. இத்தடை காலத்தால் தானே நீங்கிவிடும். வாரியம் செய்து கணக்குக் காட்டாதிருந்தவரும், அவருடைய சுற்றத்தாரும் வரலாகாது என்பது மற்றொன்று. சிற்றன்னை, பேரன்னை மக்கள், மாமன், மாமனார் எனச் சுற்றத்தார் பட்டியல் நீள்கிறது. இத்தடைக்கு ஆண்டுக் கணக்கு எதுவும் சொல்லப்படவில்லை. பொதுப் பணத்துக்குக் கணக்குக் கொடுக்கவேண்டிய கடமை காலத்தால் தேய்வதில்லை என்றும், ஒருவர் கணக்குக் காட்டாத பழி அவர் உறவினரையும் சாரும் என்றும் அச்சபை கருதியது.

அக்காலக் கோயிற் கல்வெட்டுகளில் மூன்றாவது வகைக் காலமும் உண்டு. அறச்செயலுக்காகப் பொன் வைத்தவர், அப்பொன்னைப் பெற்ற சபையார் அதன் பலிசையைக் கொண்டு விளக்கெரித்தல் முதலிய பணிகளைச் சந்திராதித்தர் உள்ளவரை நடத்த வேண்டும் என்று எழுதி வைத்தனர். கதிரும் நிலவும் உள்ளவரை முதல் திரும்பாது. வட்டி மட்டும் ஓடும். இங்குக் கடன்பட்டது ஊர்ச்சபை. பயன் பெற்றது பொது அறம். இதே காலமின்மையை ஓர் ஏழைக் குடும்பத்தின் மேல் ஏற்றினால் அதன் பெயர் அடிமைத்தனம் ஆகிவிடும். ஆகவே கடனைப்பற்றி எண்ணும்போது, கொடுக்கல் வாங்கலில் நிற்பவர் யார், அவருள் வலியவர் யார் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

2. பழைய ஓலையும் ஏழாம் ஆண்டும்

கால எல்லை இல்லாத உரிமைக்கோரிக்கை எவ்வாறிருக்கும் என்பதற்குத் தமிழ் இலக்கியம் ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறது. இதே மாவட்டத்துக் குன்றத்தூரில் தோன்றிய சேக்கிழார், 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய பெரியபுராணத்தில், சுந்தரரின் திருமணப் பந்தலில் முதியவர் ஒருவர் ஓலையுடன் வந்து நின்ற நிகழ்ச்சியைக் கூறுகிறார். மணமகனின் பாட்டனார் தம்மையும் தம் வழித்தோன்றல்களையும் ஆளாக எழுதிக்கொடுத்தார் என்பது முதியவரின் வழக்கு. சுந்தரர் ஓலையைக் கிழித்தெறிகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் செல்கிறது. மூல ஓலை வெளிப்படுகிறது. பாட்டனாரின் வேறொரு கையெழுத்தோடு அதனை ஒப்பிட்டு அவையோர் தீர்ப்புக் கூறுகின்றனர். பக்தி இலக்கியமாக அதன் பொருள் வேறு. நீதிமுறையை மட்டும் நோக்கினால், “இத்தனை காலம் ஏன் வாளாவிருந்தீர்?” என்னும் கேள்வியின் பேரில் அவ்வழக்குத் தள்ளப்படவில்லை என்பது புலனாகும். கையெழுத்து மெய்யானால், இரு தலைமுறை கடந்தும் அது பேரனைக் கட்டியது.

நீதிநூல்கள் காலத்துக்கு எல்லை கட்டாமல், வட்டிக்கு எல்லை கட்டின. ஒரே சமயத்தில் வாங்கும் வட்டி முதலுக்கு மேற்படலாகாது என்னும் விதியை மனுநூல் கூறுகிறது. “தம்துபட்” என்று வழங்கும் அவ்விதி பம்பாய் மாகாணத்திலும் கல்கத்தா நகரிலும் ஆங்கிலேயர் காலத்திலும் நீதிமன்றங்களால் ஏற்கப்பட்டது.

திருமறையோ காலத்தையே தொடுகிறது. உபாகமம் 15ஆம் அதிகாரம் ஏழாம் ஆண்டைக் கடன் விடுதலையின் ஆண்டாக வகுக்கிறது. அந்த ஆண்டு நெருங்குகையில் ஏழைக்குக் கடன் கொடுக்க மனம் சுருங்குமே என்பதையும் அவ்வதிகாரம் முன்னறிந்து எச்சரிக்கிறது. அவ்வெச்சரிக்கை பொய்க்கவில்லை. கடன் கொடுப்போர் கைகளை மூடிக்கொண்டபோது, யூத ஆசிரியர் இல்லேல் “புரோஸ்புல்” என்னும் ஆவண முறையை ஏற்படுத்தினார் என்று மிஷ்னா கூறுகிறது. கடனை வசூலிக்கும் உரிமையை நீதிமன்றத்தின் முன் பதிந்து வைத்தால், ஏழாம் ஆண்டு வந்தாலும் அக்கடன் விடுபடாது. ஏழைக்குக் கடன் கிடைக்கும் வழி அடைபடலாகாது என்பதே இல்லேலின் நோக்கம். ஆயினும் பிற்காலத்திலும் திரும்பத் திரும்ப நிகழ்ந்த ஒன்றின் முன்மாதிரியை இங்குக் காண்கிறோம். காலத்தால் கிடைக்கவேண்டிய விடுதலையை ஓர் ஏடும் ஒரு கையொப்பமும் ஒத்திவைத்துவிடக் கூடும்.

3. மூன்றாண்டு என்னும் எல்லை

சென்னை மாகாணத்தின் வெளிமாவட்டங்களில் 1802ஆம் ஆண்டின் இரண்டாம் ஒழுங்குவிதி, வழக்குத் தொடுக்கப் பொதுவாகப் பன்னிரண்டு ஆண்டு எல்லை வைத்தது. பின்னர் 1859ஆம் ஆண்டின் 14ஆம் சட்டம் நாடு முழுவதற்கும் உரிய காலவரம்பை வகுத்து, சாதாரணக் கடன் பத்திரங்களுக்கு அதனை மூன்றாண்டாகக் குறைத்தது. வட்டி பல ஆண்டு திரண்டு குடியானவரை மூழ்கடிப்பதைத் தடுக்கும் கருவி என்று அக்காலவரம்பு கருதப்பட்டது.

விளைவு மாறாக அமைந்தது. தக்காணத்தில் வட்டிக்கடைக்காரர்கள் மூன்றாண்டு முடியுமுன் குடியானவரை அழைத்து, முதலையும் ஏறிய வட்டியையும் சேர்த்துப் புதிய முதலாக எழுதி, புதிய பத்திரத்தில் கைநாட்டு வாங்கினர். ஒவ்வொரு மூன்றாண்டுக்கும் வட்டி முதலாயிற்று. முதல் மேலும் வட்டி ஈன்றது. 1875 மே மாதம் பூனா மாவட்டத்துச் சுபா ஊரில் தொடங்கிய கலகத்தில் மக்கள் தேடி எரித்தவை கடன் பத்திரங்களே. ஆய்வுக் குழுவின் அறிக்கைக்குப் பின் வந்த 1879ஆம் ஆண்டின் தக்காண உழவர் நிவாரணச் சட்டம், காலவரம்பை மீண்டும் நீட்டியது. கடனாளியைக் காக்கவென்று சுருக்கிய காலத்தை, கடனாளியைக் காக்கவென்றே நீட்டவேண்டி வந்தது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இதே வழக்கம் மென்மையான வடிவில் இன்றும் உண்டு. புரோநோட்டு மூன்றாண்டில் காலாவதியாகும் என்பதை எழுத்தறியாதவரும் அறிவர். காலாவதிக்குச் சில நாள் முன்பு சிறு தொகை ஒன்றைக் கொடுக்கச் செய்து, நோட்டின் பின்புறம் “வரவு” எழுதிக் கையொப்பம் வாங்குவர். அந்தச் சிறு தொகை, முழுக் கடனுக்கும் இன்னும் மூன்றாண்டு உயிர் தரும்.

ஆயின் இந்த வரவு எழுதும் தேவைகூட இல்லாத கடன்கள் உத்திரமேரூரை உள்ளடக்கிய பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்தன. 1891ஆம் ஆண்டு அம்மாவட்ட ஆட்சித் தலைவர் டிரமென்ஹீர் எழுதிய அறிக்கை, சிறு தொகைக்கு ஈடாகத் தம் உழைப்பையே எழுதிக்கொடுத்துப் பண்ணையாட்களாக வாழ்ந்த சேரி மக்களின் நிலையை அரசின் முன் வைத்தது. ஸ்காட்லாந்து மிஷனின் ஆடம் ஆண்ட்ரு, வெஸ்லியன் மிஷனின் வில்லியம் கௌடி ஆகியோரும் அதே மாவட்டத்தில் இம்மக்களுக்காகக் குரல் எழுப்பினர். 1892இல் பிறந்த பஞ்சமி நில ஆணைக்கு இவை பின்னணியாயின. அச்சேரிகளில் தந்தையின் கடனை மகன் உழைத்துத் தீர்த்தான். மூன்றாண்டு எல்லை அவனுக்கு உதவவில்லை; ஏனெனில் கடன் கொடுத்தவர் நீதிமன்றத்துக்குச் செல்லவேயில்லை. செல்லவேண்டிய தேவையும் அவருக்கு இல்லை. வீட்டுமனை அவருடையது, வேலை அவர் கொடுப்பது, ஊர் அவர் சொற்படி நடப்பது.

காலவரம்பின் அடிப்படை இயல்பு இங்கே விளங்குகிறது. நீதிமன்றத்தின் துணை தேவைப்படும் கடன்காரரை மட்டுமே அது தடுக்கிறது. நீதிமன்றத்துக்கு வெளியே நெருக்கும் வலிமை உடையவர்மேல் அதற்கு ஆட்சி இல்லை. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், காலத்தை எண்ணிக்கொண்டிராமல், அத்தகைய கடனையே இல்லாததாக்கி, அதற்காக வழக்குத் தொடுப்பதையும் தடுத்தது இக்காரணத்தால்தான். அச்சட்டம் வந்து நாற்பது ஆண்டு கடந்தும், 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து இருளர் குடும்பங்கள் மீட்கப்பட்டன.

அரசு நேரடியாகத் தலையிட்டுக் கடனுக்கு நாள் குறித்த காலமும் உண்டு. இராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது இயற்றப்பட்ட 1938ஆம் ஆண்டின் சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், 1932 அக்டோபர் 1ஆம் நாளுக்கு முன் ஏற்பட்ட கடன்களில் 1937 அக்டோபர் 1 வரை நிலுவையாயிருந்த வட்டியைத் தள்ளுபடி செய்தது. முதலைப்போல் இருமடங்கு ஏற்கெனவே செலுத்தியிருந்தால் அக்கடன் முழுவதும் தீர்ந்தது என்றது. அதற்கு முன்பே, 1904இல், செங்கற்பட்டு மாவட்டத்துத் திரூரில் கூட்டுறவுக் கடன் சங்கமும் பெரிய காஞ்சிபுரத்தில் கூட்டுறவு நகர வங்கியும் தோன்றி, வட்டிக்கடைக்கு மாற்று வழி காட்டியிருந்தன.

4. கல்விக்குக் கடன்

கல்விக்காகக் கடன்படுவது நமது மரபில் புதியது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் பாலாறும் வேகவதியும் செய்யாறும் கூடும் திருமுக்கூடலில், 11ஆம் நூற்றாண்டு வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. கோயிலைச் சார்ந்த கல்விச்சாலையில் பயின்ற மாணவர்க்கு உணவும், படுக்கப் பாயும், தலைக்கும் விளக்குக்கும் எண்ணெயும் அறக்கொடையிலிருந்து வழங்கப்பட்டதை அது விவரிக்கிறது. பதினைந்து படுக்கை கொண்ட மருத்துவச்சாலையையும் குறிக்கிறது. அங்கே பயின்றவர் எவரும் கடனாளியாகவில்லை. ஆனால் அந்த வாயில் வேதம் ஓதும் உரிமை பெற்றிருந்த சிலருக்கே திறந்திருந்தது. அதனைப் பொற்காலம் என்று போற்றி ஏங்குவதற்கு, வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவரின் வழிவந்தோருக்குக் காரணம் இல்லை.

விடுதலைக்குப் பின், 1963இல், மத்திய அரசு தேசியக் கடன் உதவித்தொகைத் திட்டத்தைத் தொடங்கியது. தகுதியுள்ள ஏழை மாணவருக்கு வட்டியின்றிக் கடன். வேலை கிடைத்தபின் தவணைகளில் திருப்புதல். ஆசிரியப் பணியில் சேர்ந்தால் ஒவ்வோராண்டுப் பணிக்கும் கடனில் பத்தில் ஒரு பங்கு நீக்கம் என்பன அதன் கூறுகள். இன்று நடைமுறையிலுள்ள காலவரம்புச் சட்டமும் அதே 1963ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 1964 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டப்படி அரசு தொடுக்கும் வழக்குக்கு எல்லை முப்பது ஆண்டு; பிறர் தொடுக்கும் கடன் வழக்குக்கு மூன்றாண்டு. கொடுப்பவர் அரசாயிருந்தபோது காலம் நீண்டது. நிபந்தனையோ இரக்கம் உடையதாயிருந்தது.

2001இல் இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டம் வந்தது. நான்கு இலட்சம் ரூபாய் வரை சொத்து ஈடு கேட்கப்படவில்லை. பெற்றோர் கூட்டுக் கடனாளியாகக் கையொப்பமிட்டனர். படிப்பு முடிந்து ஓராண்டு வரை திருப்பிச் செலுத்தவேண்டியதில்லை. 2009-10 கல்வியாண்டு முதல், ஆண்டு வருமானம் நாலரை இலட்சத்துக்கு மேற்படாத குடும்பங்களுக்கு அந்த இடைக்கால வட்டியை மத்திய அரசே ஏற்றது. சாதியாலும் வறுமையாலும் வெளியே நிறுத்தப்பட்ட இல்லங்களிலிருந்து முதல் பொறியாளரும் முதல் செவிலியரும் உருவாக இக்கடன் துணை நின்றதை மறுக்கலாகாது. தமிழ்நாடு கல்விக் கடன் பெற்றதில் முன்னணியில் நின்றது. ஆனால் தனியார் பொறியியற் கல்லூரிகள் பெருகிய வேகத்தில் வேலைகள் பெருகவில்லை. பட்டம் பெற்றும், தொழிற்சாலைகளில் ஒப்பந்தக் கூலிக்குச் சென்றவர் பலர். தவணைகள் தவறின.

இதன்பின் நிகழ்ந்தது நாடறிந்தது. 2010களின் நடுப்பகுதியில் பெரிய பொதுத்துறை வங்கி ஒன்று, சுமார் 847 கோடி ரூபாய் அளவிலான கல்விக் கடன் நிலுவையை, அதன் மதிப்பில் பாதிக்கும் குறைவான விலைக்குத் தனியார் சொத்து மறுசீரமைப்பு நிறுவனம் ஒன்றுக்கு விற்றது. 2016 ஜூலையில் மதுரையைச் சேர்ந்த இளம் பொறியியல் பட்டதாரி ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டபோது, வசூல் முகவர்களின் நெருக்கடியே காரணம் என்று அவர் குடும்பத்தார் குற்றம் சாட்டினர். அச்செய்தி தமிழகத்தையே உலுக்கிற்று.

5. இரண்டு கால அளவுகள்

வழக்குக்கு உரிய காலத்தைக் கணக்கிடுகையில் வங்கியின் காலத்தையும் கடனாளியின் காலத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும்.

வங்கியின் காலம் மூன்றாண்டு. அது கடந்து வழக்கு வந்தால், எதிர்வாதி அதனை எடுத்துரைக்காவிட்டாலும் நீதிமன்றம் வழக்கைத் தள்ள வேண்டும் என்று சட்டத்தின் 3ஆம் பிரிவு கூறுகிறது. ஆயினும் அக்காலம் புதுப்பிக்கத்தக்கது. எல்லை முடியுமுன் கடனாளி கையொப்பமிட்டுக் கடனை ஒப்புக்கொண்டால், 18ஆம் பிரிவின்படி அன்றுமுதல் புதிய மூன்றாண்டு தொடங்கும். எல்லைக்குள் ஒரு பகுதியைச் செலுத்தி, அதற்கு அவர் கையெழுத்திலோ கையொப்பத்துடனோ சான்று இருந்தால், 19ஆம் பிரிவின்படி அவ்வாறே ஆகும். வங்கியார் “ரிவைவல் லெட்டர்” என்று நீட்டும் படிவம் இதற்காகவே.

ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்துகொள்வோம். ஒரு மாணவர் தவணை தவறியதால் வங்கி 2013 ஜூனில் முழுத் தொகையையும் கேட்டது. 2016 ஜூனுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். 2016 மே மாதத்தில் அவர் ஒரு கடிதத்தில் கையெழுத்திட்டார். எல்லை 2019 மே வரை நீண்டது. 2019 ஏப்ரலில் ஐந்நூறு ரூபாய் செலுத்திச் சீட்டில் கையெழுத்திட்டார். எல்லை 2022 ஏப்ரலுக்குச் சென்றது. பெருந்தொற்றை முன்னிட்டு 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரை உள்ள நாட்களைக் கணக்கிலிருந்து நீக்க உச்ச நீதிமன்றம் ஆணையிட்டமையால், 2024 வரை வழக்குத் தொடுக்க வாய்ப்பு நீடித்தது. மூன்றாண்டு என்று எழுதிய எல்லை பத்தாண்டைத் தாண்டிவிட்டது. இடையில் லோக் அதாலத்தில் உடன்பட்டுக் கையெழுத்திட்டிருந்தால், அது நீதிமன்றத் தீர்ப்புக்கு ஒப்பாகும்; அதனை நிறைவேற்றிக்கொள்ளப் பன்னிரண்டு ஆண்டு உண்டு. அதன்மேல் மேல்முறையீடும் இல்லை.

எல்லை உண்மையாகவே கடந்துவிட்டாலும் கடன் மறைவதில்லை. வழக்கிடும் வழி அடைபடுகிறதே ஒழியக் கடன் அழிவதில்லை என்பதை 1958இல் பாம்பே டையிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. கடனாளி எந்தக் கணக்குக்கு என்று சொல்லாமல் செலுத்தும் பணத்தைக் காலங்கடந்த கடனுக்கு வரவு வைக்கவும் 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் இடந்தருகிறது. கடன் வேறொரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டால் காலம் புதிதாகத் தொடங்குவதில்லை. ஆனால் வாங்கிய நிறுவனம் தொலைபேசியில் கேட்பதை எந்தக் காலவரம்பும் தடுக்கவில்லை. செங்கற்பட்டுச் சேரிகளில் கண்ட அதே இடைவெளி இங்கும் உள்ளது. காலவரம்பு நீதிமன்ற வாயிலில் நிற்கிறது. முகவரோ வீட்டு வாயிலில் நிற்கிறார்.

அம்முகவரின் செயலுக்கும் விதிகள் உண்டு. வசூலுக்கு அடியாட்களை ஏவலாகாது என்று 2007இல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. 2008இல் ரிசர்வ் வங்கி முகவர்களுக்கான நெறிகளை வெளியிட்டது. 2022 ஆகஸ்டில், நிலுவைக் கடனுக்காகக் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அழைக்கலாகாது, பொதுவில் இழிவுபடுத்தலாகாது, குடும்பத்தாரையும் நண்பரையும் தொல்லை செய்யலாகாது என்று வலியுறுத்தியது. இவை மீறப்பட்டால் கடனாளி முறையிடலாம். ஆனால் எத்தனை நாளுக்குள்?

அவதூறுக்கு இழப்பீடு கேட்க ஓராண்டு. நுகர்வோர் ஆணையத்தில் முறையிட இரண்டாண்டு; தகுந்த காரணம் காட்டினால் தாமதம் பொறுக்கப்படலாம். 2021இல் வந்த ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தில், வங்கியின் பதில் கிடைத்ததிலிருந்து ஓராண்டு. மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றங்களைக் குற்றவியல் நீதிமன்றம் விசாரணைக்கு எடுத்துக்கொள்ள மூன்றாண்டு. சாதாரணக் குற்றமிரட்டல் இதில் அடங்கும். தீங்கு இடைவிடாது தொடருமாயின், அது தொடரும் நாளெல்லாம் காலம் புதிதாகப் பிறக்கும் என்னும் 22ஆம் பிரிவு கடனாளிக்கு ஓரளவு உதவுகிறது. அதனை விட்டால், வங்கிக்கு இருக்கும் புதுப்பிக்கும் வழி அவருக்கு இல்லை. வங்கியோ முகவரோ “நாங்கள் இவ்வாறு நெருக்கினோம்” என்று எழுதிக் கையொப்பமிட்டுத் தருவார்களா? அவமானத்தால் வாய் மூடிக் கிடக்கும் ஓராண்டுக்குள் கடனாளியின் காலம் பெரும்பாலும் கழிந்துவிடுகிறது.

செல்வ நாட்டிலும் இந்த ஏற்றத்தாழ்வு உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1977ஆம் ஆண்டுச் சட்டம் முறைகேடான வசூலுக்கு எதிராக வழக்கிடக் கடனாளிக்கு ஓராண்டே கொடுத்தது. மீறல் அவருக்குத் தெரியவந்த நாளிலிருந்து அன்று, மீறல் நிகழ்ந்த நாளிலிருந்தே அவ்வோராண்டு தொடங்கும் என்று 2019இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கூட்டாட்சி அரசின் கல்விக் கடனை வசூலிப்பதற்கோ 1991இல் கால எல்லையே நீக்கப்பட்டது. கேட்பவருக்கு முடிவில்லாத காலம், முறையிடுபவருக்கு ஓராண்டு.

6. கையொப்பத்தின் பொருள்

காலவரம்பைச் சொல்லிக் கடனிலிருந்து தப்புவது நேர்மையா என்று ஆயர்களுள் சிலர் கேட்கக்கூடும். கேட்கவேண்டிய கேள்விதான். வாங்கிப் பின் திருப்பாதவனைச் சங்கீதம் 37 துன்மார்க்கனோடு சேர்க்கிறது. ஆயினும் சட்டம் இங்கே நுட்பமான வேறுபாடு ஒன்றைப் பேணுகிறது. காலம் கடந்தபின் கட்டாயப்படுத்தும் அதிகாரம் நிற்கிறது. கடமை மனச்சான்றிடம் விடப்படுகிறது. இனித் தருவேன் என்று கடனாளி எழுத்தில் உறுதி தந்தால், அவ்வுறுதி செல்லும் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 25ஆம் பிரிவு ஏற்கிறது. தன் விருப்பத்தோடு தரும் சொல்லுக்குச் சட்டம் இவ்வாறு மதிப்புக் கொடுக்கிறது. அந்தச் சொல் தெரிந்து தந்ததா, தெரியாமல் பறிக்கப்பட்டதா என்பதே நாம் கேட்கவேண்டியது. “வெறும் பதிவுக்காக” என்று சொல்லி வாங்கிய கையெழுத்தில் நேர்மை நிறைவேறுவதில்லை.

ஆகவே சபைக்குச் சில எளிய கடமைகள் உண்டு. கடிதத்தைப் படித்துப் பொருள் சொல்லுதல். கையெழுத்திடுமுன் கடைசித் தவணை நாளையும் முன்னர்க் கையெழுத்திட்ட நாட்களையும் குறித்துப் பார்க்கச் செய்தல். நெருக்கடி நேர்ந்த நாளையும் நேரத்தையும் அன்றே எழுதி வைக்கச் சொல்லுதல். நீதிமன்ற அழைப்பாணை வந்தால் காலம் கடந்த கடன்தானே என்று வாளாவிராமல் இலவசச் சட்ட உதவி மையத்துக்கு அனுப்புதல். கூட்டுக் கடனாளிகளுள் ஒருவர் மட்டும் இட்ட கையொப்பம் மற்றவரின் காலத்தைப் புதுப்பிக்காது என்று காலவரம்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவு சொல்கிறது. மகன் கையெழுத்திட்டான் என்பதற்காகத் தந்தையும் இடவேண்டும் என்பதில்லை. உத்திரமேரூர்ச் சபை ஒருவரின் நிலுவையை அவர் சுற்றத்தார் அனைவர்மேலும் ஏற்றியது; இன்றைய சட்டம் அவ்வாறு ஏற்ற மறுக்கிறது. இதனைத் தகப்பனாரிடம் எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும்.

நெகேமியாவின் காலத்தில் வயல்களையும் பிள்ளைகளையும் அடகு வைத்த மக்கள் கூக்குரலிட்டபோது, அவர் முதலில் செய்தது அக்குரலைச் செவிகொடுத்துக் கேட்டதே. அதன்பின் கடன் கொடுத்த பெரியோரை ஒரு சபையின் முன் நிறுத்தினார். இன்று படித்த பிள்ளைகள் கூக்குரலிடுவதில்லை, வெட்கி மௌனமாயிருக்கின்றனர். அவர்களுக்குச் சட்டம் அளித்துள்ள காலமோ, கடன் கொடுத்தவருக்கு அளித்த காலத்தைக் காட்டிலும் குறுகியது. அக்காலம் கழியுமுன் அவர்கள் இல்லத்துக்குச் செல்வது ஆயர் பணியின் ஒரு கூறாகும்.